கார்பன் டை ஆக்சைடை ஒடுக்கும் உலோக வினையூக்கி: ஒரு செப்புத் தகட்டிலிருந்து தொடங்கும் வழி

ஆய்வில் புதிதாகச் சேரும் மாணவர்கள் பெரும்பாலும் மனத்தில் ஒரு பொருளை முடிவு செய்துகொண்டே வருகிறார்கள். மூன்று உலோகக் கலவை, நானோ கம்பி, நானோ பூ என்று ஏதோ ஒன்று. அதை வினையூக்கியாகத் தயாரித்து, கார்பன் டை ஆக்சைடை மின்சாரத்தால் ஒடுக்கி, அதாவது எலக்ட்ரான்களை ஏற்றி, எத்திலீனாகவோ ஃபார்மேட்டாகவோ (ஃபார்மிக் அமிலத்தின் உப்பு) மாற்றிக் காட்டிவிட வேண்டும் என்ற துடிப்பு பேச்சிலேயே தெரியும். அந்தத் துடிப்பு எனக்குப் பிடிக்கும். ஆனாலும் நான் அவர்களிடம் முதலில் கொடுப்பது 99.99 சதவீதத் தூய்மையுள்ள ஒரு செப்புத் தகடுதான். எந்த உலோகம் எந்த விளைபொருளை எவ்வளவு தருகிறது என்று இந்தத் துறையின் முன்னோடி யோஷியோ ஹோரி 1994இல் வெளியிட்ட எண்களுக்கு அருகில் இந்தத் தகட்டைக் கொண்டுவாருங்கள், அதன் பிறகு உங்கள் கலவையைப் பார்ப்போம் என்று சொல்வேன்.

காரணம் எளியது. செம்பைப் போல அழுக்கைக் காட்டிக்கொடுக்கும் உலோகம் இந்தத் துறையில் வேறில்லை. தண்ணீரில் ஒரு துளி இரும்பு இருந்தாலும், மின்னழுத்தத்தை அளக்க உதவும் ஒப்பீட்டு மின்முனையின் அளவு சற்று நகர்ந்திருந்தாலும், வாயு ஓட்டத்தின் அளவு தவறியிருந்தாலும் செம்பின் விளைபொருள் பட்டியல் மாறிவிடும். பழைய தகட்டில் சரியான எண்ணை எடுக்கத் தெரிந்தவருக்குத்தான் புதிய வினையூக்கியின் எண்ணை நம்பும் உரிமை வருகிறது. அதனால் இந்த வழிகாட்டியில் தயாரிப்பு முறைகளைவிட அளக்கும் முறைகளுக்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

எந்த உலோகம், எந்தப் பொருள்

ஜப்பானின் சிபா பல்கலைக்கழகத்தில் ஹோரியும் அவருடன் பணியாற்றியவர்களும் 1980களில் தொடங்கிய வேலைதான் இந்தத் துறையின் அடித்தளம். மின்பகுளியாக (மின்சாரத்தைக் கடத்தும் கரைசல்) 0.1 மோலார் பொட்டாசியம் பைகார்பனேட், சதுர சென்டிமீட்டருக்கு 5 மில்லி ஆம்பியர், 18.5 டிகிரி செல்சியஸ். இவற்றை மாற்றாமல் உலோகத்தை மட்டும் மாற்றிப் பார்த்தார்கள். தங்கத்தில் மின்னோட்டத்தின் 87 சதவீதமும் வெள்ளியில் 81 சதவீதமும் கார்பன் மோனாக்சைடுக்குச் சென்றன. வெள்ளீயத்தில் 88 சதவீதம், ஈயத்தில் 97 சதவீதம் ஃபார்மேட். பிளாட்டினத்திலும் இரும்பிலும் 95 சதவீதம் வரை வெறும் ஹைட்ரஜன். செம்பில் மட்டும் மீத்தேன் 33 சதவீதம், எத்திலீன் 25 சதவீதம், கூடவே எத்தனால், புரோப்பனால், ஃபார்மேட்.

இந்தப் பிரிவினையின் உட்பொருளைப் புரிந்துகொண்டால் உலோகத்தைத் தேர்ந்தெடுப்பது எளிதாகிறது. கார்பன் மோனாக்சைடை மேற்பரப்பு எவ்வளவு இறுகப் பிடிக்கிறது என்பதே முதல் கேள்வி. பிளாட்டினமும் நிக்கலும் அதை விடாப்பிடியாகப் பிடித்துக்கொள்வதால் மேற்பரப்பு அடைபட்டுப்போகிறது. மிஞ்சிய இடங்களில் ஹைட்ரஜன்தான் வரும். தங்கமும் வெள்ளியும் உடனே விட்டுவிடுகின்றன. வெள்ளீயம், ஈயம், இண்டியம், பிஸ்மத் ஆகியவற்றில் இடைநிலைப் பொருள் ஆக்சிஜன் வழியாக ஒட்டுவதால் ஃபார்மேட் பிறக்கிறது. செம்பு நடுவே நிற்கிறது. மேலும் எலக்ட்ரான்கள் வந்து சேரும் அளவுக்குப் பிடிக்கிறது, விளைபொருள் வெளியேறும் அளவுக்கு விடுகிறது.

இது கட்டியான உலோகத்துக்கான கணக்கு என்பதை மறக்க வேண்டாம். நிக்கல் அணுவைத் தனியாகப் பிரித்து, நைட்ரஜன் கலந்த கார்பனில் நான்கு நைட்ரஜன்களுக்கு நடுவே நிறுத்தினால், அதே நிக்கல் 90 சதவீதத்துக்கு மேல் கார்பன் மோனாக்சைடைத் தருகிறது. உலோகத்தின் பெயரைவிட அது எந்தச் சூழலில் அமர்ந்திருக்கிறது என்பதே பெரிது.

இரண்டு ஆண்டுகளில் தெளிவான முடிவு வேண்டும், திரவ விளைபொருள்களை அளக்கும் என்.எம்.ஆர். (அணுக்கருக் காந்த ஒத்ததிர்வு) கருவிக்கு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும் என்ற நிலையில் இருப்பவர்களுக்கு என் ஆலோசனை: வெள்ளியையோ பிஸ்மத்தையோ இலக்காக எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே முக்கிய விளைபொருள், சிக்கலில்லாத பகுப்பாய்வு. செம்பை எடுத்தால், ஸ்டான்ஃபோர்டில் கூலும் ஹராமியோவும் 2012இல் ஒரே தகட்டிலிருந்து 16 விளைபொருள்களைக் கண்டறிந்தார்கள் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு இறங்குங்கள். எந்த இலக்கானாலும் பயிற்சிக்குச் செப்புத் தகடுதான்.

கழுவும் வேலை

ஒரு கணக்கைச் சொல்கிறேன். உங்கள் செல்லில், அதாவது மின்னாற்பகுப்பு நடக்கும் கலத்தில், 50 மில்லி லிட்டர் மின்பகுளி இருக்கிறது, அதில் இரும்பு ஒரு மைக்ரோ மோலார் மட்டும்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 50 நானோமோல் இரும்பு. ஒரு சதுர சென்டிமீட்டர் செப்பு மேற்பரப்பில் இருக்கும் அணுக்களோ மூன்று நானோமோலுக்கும் குறைவு. அந்த இரும்பு முழுவதும் கேத்தோடில் (ஒடுக்க வினை நடக்கும் மின்முனை, இங்கே உங்கள் செப்புத் தகடு) படிந்தால், செம்பை ஏறத்தாழ பதினேழு அடுக்கு மூடிவிடும். நீங்கள் அளப்பது அப்போது இரும்பை. செப்பு மின்முனை சில பத்து நிமிடங்களில் மீத்தேனைக் கைவிட்டு ஹைட்ரஜனுக்குத் தாவுவது ஏன் என்று பல காலம் விவாதம் நடந்தது. மின்பகுளியில் இருக்கும் இரும்பு, துத்தநாகம் போன்ற உலோகச் சுவடுகளே காரணம் என்று ஹோரியின் குழு 2005இல் காட்டியது.

ஆகவே கண்ணாடிச் சாமான்களை நீர்த்த நைட்ரிக் அமிலத்தில் இரவு முழுவதும் ஊறவிடுங்கள். பிறகு 18.2 மெகா ஓம்-சென்டிமீட்டர் மின்தடை காட்டும் அதிதூய தண்ணீரில் பலமுறை அலசுங்கள். குழாய்த் தண்ணீரோ சாதாரணமாக வடித்த நீரோ கடைசி அலசலில் கூட வரக்கூடாது. நம் ஊர்களின் கடினநீரில் குளோரைடும் கால்சியமும் தாராளம். குளோரைடு செம்பில் ஒட்டிக்கொண்டு விளைபொருள் விகிதத்தையே மாற்றும்.

மின்பகுளிக்குப் பைகார்பனேட் உப்பை நேரடியாக வாங்குவதைவிட நல்ல வழி ஒன்று உண்டு. 99.995 சதவீதத் தூய்மையில் பொட்டாசியம் கார்பனேட் கிடைக்கிறது. அதை 0.05 மோலாராகக் கரைத்து, கார்பன் டை ஆக்சைடை இரவு முழுவதும் குமிழியிடுங்கள். காலையில் கையில் இருப்பது 0.1 மோலார் பைகார்பனேட். அதன் பிறகும் சந்தேகம் இருந்தால் உலோக அயனிகளைப் பிடித்துக்கொள்ளும் செலெக்ஸ் ரெசினில் ஊறவிடலாம், அல்லது வேறொரு பெரிய தகட்டை வைத்துச் சில மணிநேரம் முன்கூட்டியே மின்னாற்பகுப்பு செய்து சுவடு உலோகங்களை அதில் படியவைத்து எடுத்துவிடலாம்.

துணை மின்முனையில், அதாவது கேத்தோடுக்கு எதிரே நின்று மின்சுற்றை முடிக்கும் முனையில், பிளாட்டினக் கம்பி வேண்டாம். அது ஆனோடாக வேலை செய்யும்போது மிக நுண்ணிய அளவில் கரைந்து, நீண்ட நேர ஓட்டத்தில், இரண்டு முனைகளின் அறைகளைப் பிரிக்கும் சவ்வையும் கடந்து கேத்தோடுக்கு வந்து சேரும். வந்து அமர்ந்தால் ஹைட்ரஜன் கூடும். இந்தக் குறைந்த மின்னோட்டங்களுக்குக் கிராஃபைட்டோ கண்ணாடிக் கார்பனோ போதும். பிளாட்டினம் தவிர வேறு வழியில்லை என்றால், சோதனைக்குப் பின் கேத்தோடை எக்ஸ்.பி.எஸ்.ஸில் (மேற்பரப்பிலுள்ள தனிமங்களைக் காட்டும் எக்ஸ் கதிர் ஆய்வு) காட்டி அங்கே பிளாட்டினம் இல்லை என்று உறுதி செய்யுங்கள். மின்தொடர்புக்குப் பூசும் வெள்ளிப் பசையும் அப்படித்தான். பசை மின்பகுளியில் நனைந்தால் அதுவே கார்பன் மோனாக்சைடைத் தயாரித்து உங்கள் வினையூக்கியின் கணக்கில் சேர்த்துவிடும்.

வெப்பநிலையைப் பற்றி நம் பக்கத்து ஆய்வகங்கள் கூடுதலாகக் கவலைப்பட வேண்டும். 20 டிகிரியில் தண்ணீரில் கரையும் கார்பன் டை ஆக்சைடு லிட்டருக்கு சுமார் 39 மில்லிமோல். 25 டிகிரியில் 34. 35 டிகிரியில் 26 தான். திருச்சியில் மே மாத மதியத்தில் குளிர்சாதனம் நின்ற அறையில் எடுத்த எண்ணையும், டிசம்பர் காலையில் எடுத்த எண்ணையும் ஒரே வரைபடத்தில் வைக்கக் கூடாது. சுற்று உறை கொண்ட செல்லை வாங்கி, நீர்த்தொட்டியிலிருந்து மாறா வெப்பநிலையில் தண்ணீரை ஓடவிடுங்கள். மின்னழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் பொட்டன்ஷியோஸ்டாட்டும் நீர்த்தொட்டியும் யு.பி.எஸ்.ஸில் இருக்கட்டும். மின்சாரம் ஒரு நிமிடம் போனாலும், எதிர் (நெகட்டிவ்) மின்னழுத்தம் இல்லாத செம்பு மின்பகுளியிலேயே ஆக்சிஜனேற்றம் அடையத் தொடங்கும். திரும்பி வரும்போது அது வேறு மேற்பரப்பு. அந்த ஓட்டத்தை அப்படியே நிறுத்திவிட்டுப் புதிய தகட்டோடு தொடங்குவதுதான் எங்கள் வழக்கம்.

தகட்டைத் தயார் செய்தல்

கடையிலிருந்து வரும் தகட்டில் உருட்டு ஆலையின் கோடுகளும் எண்ணெயும் ஆக்சைடும் இருக்கும். மெல்லிய உப்புத்தாளில் தேய்த்து, தண்ணீரில் அல்ட்ராசோனிக் தொட்டியில் கழுவிய பின் மின்மெருகு ஏற்ற வேண்டும். 85 சதவீதப் பாஸ்போரிக் அமிலத்தில் தகட்டை ஆனோடாகவும் ஒரு கிராஃபைட் துண்டை எதிரிலும் நிறுத்தி, இரண்டுக்கும் நடுவே சுமார் 2 வோல்ட் கொடுங்கள். இந்தச் சில நிமிடங்களில் வேறு வேலைக்குப் போக வேண்டாம், பக்கத்திலேயே நின்று பாருங்கள். மின்னோட்டம் தொடக்கத்தில் உயர்ந்து, பிறகு இறங்கி, ஒரு சமநிலையில் நிற்கும். தகட்டின் முகத்திலிருந்து நீலம் கலந்த பிசுபிசுப்பான திரவம் கோடாக வழிந்து அடியில் இறங்கும். அந்தப் பிசுபிசுப்பு அடுக்கு மேட்டில் மெலிதாகவும் பள்ளத்தில் தடிமனாகவும் இருப்பதால் மேடுகள் வேகமாகக் கரைகின்றன. மெருகு ஏறுவது அதனால்தான். குமிழிகள் கிளம்பினால் மின்னழுத்தம் அதிகம் என்று பொருள். குமிழி நின்ற இடத்தில் குழி விழும்.

வெளியே எடுத்த கணமே தண்ணீரில் அலசுங்கள். அமிலம் காய்ந்தால் கறை விழுந்துவிடும். நன்றாக மெருகேறிய தகடு, புளி போட்டு விளக்கிய செப்புக் குடத்தின் இளஞ்சிவப்பில் பளபளக்கும். தண்ணீர் அதன் மேல் முத்து முத்தாக நிற்காமல் ஒரே படலமாகப் பரவ வேண்டும். நைட்ரஜன் ஓட்டத்தில் உலர்த்தி, தாமதிக்காமல் செல்லில் பொருத்துங்கள். எதிர் மின்னழுத்தத்தை இயக்கிவிட்டு அதன் பிறகே மின்பகுளியை நிரப்புவது இன்னும் நல்லது.

மின்னழுத்தம்

நீங்கள் வைக்கும் மின்னழுத்தம் வெள்ளி/வெள்ளி குளோரைடு மின்முனைக்கு எதிரானது. அறிக்கையில், பிஎச்சையும் கணக்கில் எடுக்கும் மீள்தன்மை ஹைட்ரஜன் மின்முனைக்கு எதிராக எழுதுவோம். நிறைவுற்ற பொட்டாசியம் குளோரைடு நிரப்பிய மின்முனை என்றால், அளந்த எண்ணோடு 0.197ஐயும், 0.059 பெருக்கல் பிஎச் என்பதையும் கூட்ட வேண்டும். தவறு நேரும் இடம் இந்தப் பிஎச்தான். பைகார்பனேட் கரைசல் தனியாக இருக்கும்போது பிஎச் 8.3 அளவில் இருக்கும். கார்பன் டை ஆக்சைடால் நிறைந்த பிறகு 6.8 ஆகும். முதல் எண்ணைப் போட்டுவிட்டால் 90 மில்லிவோல்ட் பிழை. சில ஆய்வுக் கட்டுரைகளில் பெரிய முன்னேற்றம் என்று கொண்டாடப்படும் அளவே அவ்வளவுதான். ஹோரியின் செப்பு எண் நியம ஹைட்ரஜன் மின்முனைக்கு எதிராக −1.44 வோல்ட், பிஎச் 6.8இல் அது மீள்தன்மை அளவுகோலில் −1.04 வோல்ட்.

ஒப்பீட்டு மின்முனையை வாரம் ஒருமுறை யாரும் பயன்படுத்தாத மற்றொரு மின்முனையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டுக்கும் இடையே சில மில்லிவோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் உள்கரைசலை மாற்றுங்கள். அது செல்லுக்குள் குளோரைடைக் கசியவிடும் என்பதால் இரட்டைச் சந்தி உள்ளதை வாங்குவது நல்லது.

கரைசலின் தடையையும் விட்டுவிடக் கூடாது. 0.1 மோலார் பைகார்பனேட் நல்ல கடத்தி அல்ல. 40 ஓம் தடையில் 5 மில்லி ஆம்பியர் ஓடினால் 0.2 வோல்ட் கரைசலிலேயே போய்விடும். உயர் அதிர்வெண் இம்பீடன்ஸில் (மாறுமின்னோட்டத்தைக் கொண்டு தடையை அளக்கும் முறை) தடையை அளந்து, 85 சதவீதத்தைக் கருவியில் ஈடுசெய்து, மிச்சத்தைக் கணக்கில் திருத்துங்கள். முழுவதையும் கருவியிடம் விட்டால் அது அலைபாயத் தொடங்கும்.

விளைபொருளை எண்ணுதல்

இனி வரும் பகுதியை அவசரமில்லாமல் படியுங்கள். நல்ல வினையூக்கிகளின் பெயர் கெடுவதும், சாதாரண வினையூக்கிகளுக்குப் பெயர் கிடைப்பதும் இங்கேதான்.

கேத்தோடு அறை வழியாக நிமிடத்துக்கு 20 மில்லி லிட்டர் கார்பன் டை ஆக்சைடு ஓடி, வாயுக்களைப் பிரித்து அளக்கும் வாயு குரோமட்டோகிராஃபுக்குள் போகிறது. தகடு ஒரு சதுர சென்டிமீட்டர், மின்னோட்டம் 5 மில்லி ஆம்பியர். கருவி எத்திலீன் 80 பி.பி.எம். என்று காட்டுகிறது. நிமிடத்துக்கு 20 மில்லி லிட்டர் என்றால் விநாடிக்கு 0.333. அதில் பத்து லட்சத்தில் 80 பங்கு எத்திலீன். 25 டிகிரியில் ஒரு மோல் வாயுவின் பருமன் 24,465 மில்லி லிட்டர். ஆக விநாடிக்கு 1.09 நானோமோல். ஓர் எத்திலீன் மூலக்கூறுக்கு 12 எலக்ட்ரான். 12ஐயும் ஃபாரடே மாறிலியான 96,485ஐயும் பெருக்கினால் 1.26 மில்லி ஆம்பியர். மொத்தம் 5இல் அது 25 சதவீதம். இதுதான் எத்திலீனின் ஃபாரடே திறன்.

இந்தக் கணக்கு இரண்டு விஷயங்களைச் சொல்கிறது. முதலாவது, உங்கள் கருவி நூறு பி.பி.எம்.முக்குக் கீழே நம்பகமாக அளக்க வேண்டும். ஒரு சதவீத அளவுத்திருத்த வாயுவை மட்டும் வைத்து ஒற்றைப் புள்ளியில் கோடு போட்டால் அங்கே கிடைப்பது ஊகம்தான். தாழ்ந்த செறிவில் குறைந்தது இரண்டு புள்ளிகளாவது வேண்டும். இரண்டாவது, ஓட்ட அளவில் வரும் பிழை அப்படியே திறனில் வரும். ஓட்டக் கட்டுப்பாட்டுக் கருவிகளில் 'நியம' என்பது சில நிறுவனங்களுக்கு 0 டிகிரி, சிலவற்றுக்கு 20 அல்லது 25. பூஜ்ஜியத்தில் ஒரு மோல் 22,414 மில்லி லிட்டர். எதை வைத்துக் கணக்கிடுகிறீர்கள் என்று தெரியாவிட்டால் 9 சதவீதம் தானாகக் கூடும் அல்லது குறையும். கருவியின் கையேட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள். சோப்புக் குமிழி ஓட்டமானி ஒன்றைச் செல்லுக்குப் பின்னால் பொருத்தி நேரடியாகவும் அளந்துவிடுங்கள்.

ஹைட்ரஜனை அளக்க வெப்பக் கடத்தல் உணரியில் ஆர்கானைச் சுமப்பு வாயுவாக வையுங்கள். ஹீலியத்தின் வெப்பக் கடத்துதிறன் ஹைட்ரஜனுக்கு அருகில் இருப்பதால் சிகரம் எழாது. கார்பன் மோனாக்சைடை, அதை மீத்தேனாக மாற்றும் மெத்தனைசர் வழியாகச் சுடர் உணரியில் பாருங்கள். வாயுக்களைப் பிரிக்கும் மூலக்கூறு சல்லடைக் குழலுக்குள் கார்பன் டை ஆக்சைடு போகாதபடி வால்வு நேரத்தை அமையுங்கள். போனால் அது வெளியே வராமல் தங்கி, குழலின் பிரிக்கும் திறனைக் கெடுத்துவிடும். வெளியேறும் வாயு புகைபோக்கி அறைக்குள்தான் முடிய வேண்டும். மேசையில் கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி எப்போதும் இயங்கட்டும். எட்டு மணிநேரப் பணிக்குப் பொதுவாக ஏற்கும் வரம்பு 25 பி.பி.எம். மட்டுமே, அந்த வாயுவுக்கோ மணமும் இல்லை நிறமும் இல்லை.

திரவ விளைபொருள்களுக்கு என்.எம்.ஆர்.தான் வழி. மின்பகுளியில் சிறிது கன நீரும், ஒப்பிடுவதற்காக அளவு தெரிந்த டி.எம்.எஸ்.ஓ. என்ற கரைப்பானும் கலந்து, தண்ணீர்ச் சிகரத்தை அடக்கி ஓட்டுங்கள். என்.எம்.ஆர். வரைபடத்தின் பி.பி.எம். அளவுகோலில் ஃபார்மேட் 8.44இல் ஒற்றைக் கோடு. எத்தனாலின் மெத்தில் 1.17இல் மூன்றாகப் பிளந்த கோடு. இந்த 1.17ஐக் கூர்ந்து பாருங்கள். வினையூக்கிப் பொடியைப் பூசுவதற்கான மையைக் கலக்கப் பயன்படுத்தும் ஐசோபுரோப்பனாலின் மெத்திலும் அதே 1.17இல்தான் வரும், ஆனால் இரண்டாகப் பிளந்திருக்கும். விரித்துப் பார்க்காமல் பரப்பை மட்டும் கூட்டினால், மையில் மிஞ்சிய கரைப்பான் எத்தனாலாகக் கணக்கில் ஏறிவிடும். 2.22இல் கோடு தெரிந்தால், யாரோ செல்லை அசிட்டோனில் கழுவியிருக்க வாய்ப்புண்டு. ஃபார்மேட்டின் தளர்வு நேரம் நீளமானது. துடிப்புகளுக்கு இடையில் போதிய இடைவெளி விடுங்கள், அல்லது அதே அமைப்பில் தெரிந்த செறிவுகளை ஓட்டி அளவுத்திருத்தக் கோடு போட்டுக்கொள்ளுங்கள்.

எல்லா விளைபொருள்களின் ஃபாரடே திறனையும் கூட்டினால் 95 சதவீதத்துக்கும் 105 சதவீதத்துக்கும் இடையில் வர வேண்டும். 80 வந்தால்? வாயுக் கசிவு, ஆனோடு பக்கத்துக்குச் சவ்வைக் கடந்த ஃபார்மேட், வாயு ஓட்டத்தோடு ஆவியாகிப் போன எத்தனால், இந்த வரிசையில் தேடுங்கள். 115 வந்தால் ஓட்ட அளவையும் அளவுத்திருத்தத்தையும் பாருங்கள். மொத்தத்தை நூறாக்கி மற்றவற்றைச் சரிக்கட்டும் பழக்கத்தை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் தொடங்காதீர்கள்.

−1.04 வோல்ட்டுக்கு அருகே மீத்தேனும் எத்திலீனும் சேர்ந்து பாதிக்கு மேல், ஹைட்ரஜன் இருபதை ஒட்டி, அதுவும் ஒரு மணிநேரம் மாறாமல், வெவ்வேறு நாள்களில் வெவ்வேறு தகடுகளில் வந்தால் உங்கள் செல் தயார். எங்கள் ஆய்வகத்தில் இந்தச் சோதனையை இன்னொருவர் அதே குறிப்பேட்டைப் படித்துத் தனியாகச் செய்வார். அவருக்கும் அதே எண்கள் வந்த பிறகுதான் புதிய பொருளுக்கு அனுமதி.

இனி உங்கள் வினையூக்கி

முதல் பொருளாக ஆக்சைடிலிருந்து பெறும் செம்பைப் பரிந்துரைக்கிறேன். மேத்யூ கானனும் கிறிஸ்டினா லியும் 2012இல் காட்டிய வழி இது. அதே தகட்டைக் காற்றில் 500 டிகிரியில் சூடாக்குங்கள், கறுத்துப்போகும். செல்லில் எதிர் மின்னழுத்தம் கொடுக்கும்போது முதல் நிமிடங்களில் பெரிய மின்னோட்டம் ஓடும். அது ஆக்சைடு மீண்டும் உலோகமாகும் மின்னோட்டம், கார்பன் டை ஆக்சைடுக்கும் அதற்கும் தொடர்பில்லை. அது அடங்கிய பிறகே வாயு மாதிரி எடுக்க வேண்டும். மிஞ்சும் செம்பு பழுப்பாகவும் சொரசொரப்பாகவும் இருக்கும். மெருகேற்றிய தகட்டைவிட மிகக் குறைந்த மிகை மின்னழுத்தத்திலேயே (வினையை ஓட்டத் தேவைப்படும் கூடுதல் மின்னழுத்தம்) கார்பன் மோனாக்சைடையும் ஃபார்மேட்டையும் தரும்.

இங்கே ஒரு கேள்வியைக் கேட்டே ஆக வேண்டும்: செம்பின் தன்மை மாறியதா, பரப்பு மட்டும் கூடியதா? இரட்டை அடுக்கு மின்தேக்குதிறனை வினை நடக்காத மின்னழுத்தப் பகுதியில் வெவ்வேறு வேகங்களில் அளந்து, வழவழப்பான தகட்டின் எண்ணால் வகுத்தால் சொரசொரப்புக் காரணி கிடைக்கும். ஒவ்வொரு விளைபொருளின் பகுதி மின்னோட்டத்தையும் அந்தக் காரணியால் வகுத்து மறுபடியும் வரையுங்கள். முன்பு பத்து மடங்கு மேலே நின்ற கோடு பல சமயம் பழைய தகட்டின் கோட்டோடு வந்து ஒட்டிக்கொள்ளும். பரப்பு கூடினால் மேற்பரப்பருகே பிஎச்சும் ஏறும். அது மீத்தேனைக் குறைத்து எத்திலீனைக் கூட்டும். ஃபாரடே திறன் மாறிவிட்டது என்பதாலேயே புதிய வினைமையம் பிறந்துவிட்டது என்று எழுதிவிடக் கூடாது.

இரண்டு உலோகங்களைச் சேர்க்கும்போதும் அந்த ஒழுங்கே. செம்போடு வெள்ளியைச் சேர்க்கிறீர்கள் என்றால், தனிச் செம்பு, தனி வெள்ளி, இரண்டையும் வெறுமனே கலந்த பொடி, கலவை உலோகம் என நான்கையும் ஒரே பரப்பளவுக்குக் கொண்டுவந்து ஒரே மின்னழுத்தத்தில் ஓட்டுங்கள். வெள்ளி கார்பன் மோனாக்சைடைத் தயாரித்து, பக்கத்திலுள்ள செம்பு அதை எடுத்து இணைக்கிறது என்பது அழகான விளக்கம். அதை நிறுவ வெறும் கலவைப் பொடியின் எண் கையில் இருக்க வேண்டும்.

கட்டுப்பாட்டுச் சோதனைகளில் மூன்றை விட முடியாது. கார்பன் டை ஆக்சைடுக்குப் பதில் ஆர்கான் ஓடவிட்டு ஒன்று. உலோகம் இல்லாத வெறும் கார்பன் தாளில், அதே மை, அதே பைண்டரோடு (பொடியை ஒட்டவைக்கும் பொருள்) ஒன்று. கார்பன்-13 ஐசோடோப்பால் ஆன கார்பன் டை ஆக்சைடில் ஒன்று. அப்போது ஃபார்மேட்டின் ஒற்றைக் கோடு சுமார் 195 ஹெர்ட்ஸ் இடைவெளியில் இரண்டாகப் பிளக்க வேண்டும். பிளக்காத மிச்சம் தெரிந்தால் உடனே வினையூக்கி மேல் பழி போட வேண்டாம். கரைசலிலுள்ள சாதாரண பைகார்பனேட் வாயுவோடு வேகமாகக் கார்பனை மாற்றிக்கொள்ளும். உப்பும் கார்பன்-13ஆக இருந்தால்தான் பதில் தெளிவாகும். விலை அதிகம்தான், ஒருமுறை செய்தால் போதும்.

சோதனைக்குப் பிந்தைய படங்களைப் பற்றி ஒரு வார்த்தை. செல்லிலிருந்து எடுத்த செம்பு காற்றுப் பட்டதுமே ஆக்சைடு ஆகத் தொடங்கும். எக்ஸ்.பி.எஸ்.ஸில் தெரியும் ஆக்சைடைக் காட்டி, வினையின்போதும் அது இருந்தது என்று சொல்ல வழியில்லை. வினை நடக்கும்போதே ராமன் அல்லது எக்ஸ் கதிர் உறிஞ்சல் எடுக்க வசதி இல்லாவிட்டால் அந்தப் பத்தியையே எழுதாமல் விடுவது நேர்மை.

பெரிய மின்னோட்டத்துக்குப் போகும்போது

தண்ணீரில் கரைந்த கார்பன் டை ஆக்சைடை நம்பியிருக்கும் செல்லில் சதுர சென்டிமீட்டருக்குச் சில பத்து மில்லி ஆம்பியரைத் தாண்ட முடியாது. மேற்பரப்புக்கு மூலக்கூறு வந்து சேராது. அதற்கு மேல் வேண்டுமானால் வாயுப் பரவல் மின்முனை. ஒரு பக்கம் வாயு, மறுபக்கம் மின்பகுளி, நடுவே மெல்லிய வினையூக்கி அடுக்கு. டொராண்டோவில் எட்வர்ட் சார்ஜென்ட் குழு 2018இல், டெஃப்லான் சவ்வின் மேல் படியவைத்த செம்பில், 7 மோலார் பொட்டாசியம் ஹைட்ராக்சைடில், மீள்தன்மை அளவுகோலில் −0.55 வோல்ட்டில் 70 சதவீத எத்திலீனைக் காட்டியது. அந்த எண் எல்லோரையும் இழுத்தது.

ஆனால் காரத்தில் கார்பன் டை ஆக்சைடு பெரும்பகுதி கார்பனேட்டாகிப் போகிறது. நடுநிலை மின்பகுளியிலும் வினையே ஹைட்ராக்சைடைப் பிறப்பிப்பதால் இழப்பு நிற்பதில்லை. கார்பனேட் சவ்வு வழியாக ஆனோடுக்குப் போய்விடும் அமைப்பில், உள்ளே விட்ட கார்பனில் கார்பன் மோனாக்சைடாக மாறக்கூடியது அதிகபட்சம் 50 சதவீதம், எத்திலீனாக மாறக்கூடியது 25 சதவீதம். வினையூக்கி எவ்வளவு சிறந்ததானாலும் இந்த உச்சவரம்பு இருக்கும். அமில மின்பகுளிகளை நோக்கிப் பலர் திரும்பியிருப்பதற்கு இதுவே காரணம்.

அளவீட்டிலும் இது உடனே தலைகாட்டும். உள்ளே நிமிடத்துக்கு 20 மில்லி லிட்டர் அனுப்பினாலும், கார்பனேட்டாகப் போனது போக வெளியே வருவது 14 ஆகக்கூட இருக்கலாம். உள்ளோட்டத்தை வைத்துக் கணக்கிட்டால் திறன் உண்மையைவிடக் கூடித் தெரியும். ஒவ்வொரு மின்னோட்டத்திலும் வெளியோட்டத்தைத் தனியாக அளந்து அதையே பயன்படுத்துங்கள். அல்லது அளவு தெரிந்த ஒரு மந்த வாயுவை வெளியோட்டத்தில் கலந்து ஒப்பிடுங்கள்.

ஓடத் தொடங்கிச் சில மணிநேரத்தில் ஹைட்ரஜன் ஏறினால், வினையூக்கி செத்துவிட்டது என்று முடிவு கட்டும் முன் மின்முனையின் வாயுப் பக்கத்தைத் திறந்து பாருங்கள். கார்பன் தாளின் பின்புறத்தில் வெள்ளைப் பொருக்காக உப்பு படிந்திருக்கும், அல்லது துளிகள் வியர்த்திருக்கும். உப்பு துளைகளை அடைத்திருக்கிறது, அல்லது மின்பகுளி உள்ளே ஏறி வாயுவின் வழியை மூடிவிட்டது. தண்ணீரில் அலசி உலர்த்தி மீண்டும் பொருத்துங்கள். பழைய திறன் திரும்பினால் பழுது வினையூக்கியில் இல்லை, தாளில். அப்போது வினையூக்கியை மாற்றாமல் தாளை மாற்றுங்கள்: டெஃப்லான் அடித்தளம், அல்லது நீர்விலக்கும் தன்மை கூடிய வேறொரு வகை. மின்பகுளியின் செறிவைக் குறைத்தும், வாயுவை ஈரப்படுத்தி அனுப்பியும் பாருங்கள். திறன் திரும்பாவிட்டால் மின்பகுளியில் கரைந்த உலோகத்தை ஐ.சி.பி.யில் (சுவடு உலோகங்களை அளக்கும் கருவி) அளந்து, செம்பு கரைந்து போயிருக்கிறதா, வேறு உலோகம் வந்து படிந்திருக்கிறதா என்று பாருங்கள். நேரத்தையும், செல் மின்னழுத்தத்தையும், திறந்தபோது எடுத்த படத்தையும் ஒரே பக்கத்தில் ஒட்டி வையுங்கள். அடுத்த செல்லைப் பொருத்தும்போது முதலில் புரட்ட வேண்டியது அந்தப் பக்கம்தான்.